பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்குத் திரும்பிப் போவது: ஒப்புரவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் அப்பாவும் பெரியப்பாவும் பதினோரு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. இருவரும் போனது ஒரே கிறிஸ்தவக் கோயிலுக்குத்தான். அப்பா மூன்றாவது வரிசை, பெரியப்பா கடைசி வரிசை. திருவிருந்து நாளில் அப்பா முன்னால் போய் முழங்கால்படியிட்டு, எழுந்து திரும்பி வந்து உட்காரும்வரை பெரியப்பா இருந்த இடத்தைவிட்டு அசையமாட்டார். ஊரே அதைப் பார்த்தது, போதகர் ஐயரும் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த ஒன்றரை அடி நிலம்தான் சண்டைக்குக் காரணம்.

"உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்று பிரசங்கத்தில் கேட்கும்போது நமக்கு ரோமச் சேவகர்களும் ஸ்தேவானைக் கல்லெறிந்தவர்களும் நினைவுக்கு வருகிறார்கள். வீட்டுக்குத் திரும்பினால் நம் சத்துரு வேறு ஆள்: பங்காளி, நாத்தனார், டயோசிஸ் (திருமண்டலம்) தேர்தலில் எதிரணியில் நின்றவர், கடன் வாங்கிவிட்டுத் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர். நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லாமல் போய்விட்ட அந்த உறவை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். படிக்கும்போது உங்கள் மனதிலும் ஒரு முகம் வரும். அந்த முகத்தை விரட்டாமல் படியுங்கள்.

தொடங்குமுன்: மூன்று வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

நேசிப்பது, மன்னிப்பது, ஒப்புரவாவது (முறிந்த உறவு மறுபடி சேர்வது) என்ற மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் முதல் அடியிலேயே நின்றுவிடுகிறார்கள். "அந்த மனுஷனோடு மறுபடி உறவு கொண்டாட முடியாது, அப்படியானால் நான் மன்னிக்கவில்லை போலிருக்கிறது" என்று வருஷக்கணக்கில் குற்ற உணர்வோடு வாழ்கிறவர்களை எனக்குத் தெரியும்.

பகைவருக்கு நன்மை செய்ய அவருடைய சம்மதம் தேவையில்லை. மன்னிப்பதற்கும் தேவையில்லை. அவர் செத்துப்போயிருந்தாலும் மன்னிக்கலாம். ஒப்புரவு மட்டும் இரண்டு பேர் சேர்ந்து செய்யவேண்டியது. "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்று ரோமர் 12:18-இல் பவுல் எழுதும்போது இரண்டு நிபந்தனைகளை வைக்கிறார்: கூடுமானால், உங்களாலானமட்டும். எதிராளியின் பங்குக்கு அவர் நம்மைப் பொறுப்பாக்கவில்லை. நம் பங்கிலிருந்து நம்மை விடுவிக்கவும் இல்லை.

முதல் படி: நடந்ததை எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, அவர் உங்களுக்குச் செய்ததைப் பெயர் சொல்லி எழுதுங்கள். "மனசைப் புண்படுத்திட்டாங்க" என்று பொதுவாக எழுதினால் உதவாது. என்றைக்கு, எங்கே, யார் முன்னால், என்ன வார்த்தை, எவ்வளவு பணம் என்று எழுதுங்கள். "போனது போகட்டும்" என்று மூடிவைத்த காயம் ஆறுவதில்லை. அடுத்த கல்யாண வீட்டில் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் மறுபடி கிழிந்துவிடும்.

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன கடன் கதையில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒருவன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். அவனுடைய உடன்வேலைக்காரன் அவனுக்குத் தரவேண்டியது நூறு வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் அன்றைக்கு ஒரு நாள் கூலி, ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. முதல் கடன் எவனாலும் அடைக்கமுடியாத தொகை என்பதைப் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். நூறு நாள் கூலியைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை. ஒரு கூலிக்காரக் குடும்பத்துக்கு அது மூன்று மாதச் சோறு. உங்களுக்கு நேர்ந்தது அற்பம் என்று இயேசு சொல்லவில்லை. அது உண்மையான கடன்தான். அந்தத் தொகையை முழுவதும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தள்ளுபடி செய்யமுடியும்.

இரண்டாம் படி: உள்ளது உள்ளபடி ஜெபியுங்கள்

முதல் நாளே "ஆண்டவரே, அவரை ஆசீர்வதியும்" என்று சொல்ல வராது. வராவிட்டால் நடிக்கவேண்டாம். 109-ஆம் சங்கீதத்தை எடுத்து வாய்விட்டு வாசியுங்கள். "அவனுடைய நாட்கள் கொஞ்சமாயிருக்கட்டும்" என்கிற அளவுக்குக் கோபம் கொட்டும் ஜெபம் அது. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. அந்தக் கோபம் எதிராளியின் வாசலில் கொட்டப்படாமல் தேவனுடைய சமுகத்தில் கொட்டப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். பழிவாங்குதலை அவர் கையில் விட்டுவிடுவது என்றால் இதுதான்.

அதன்பின் ஒரு பழக்கம். ஈஸ்டருக்கு முன் வரும் லெந்து (தவக்கால) நாட்களைப்போல 40 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் உங்களுக்காக ஒன்றைக் கேட்டுவிட்டு, அதே காரியத்தை அவர் பெயரைச் சொல்லி அவருக்காகவும் கேளுங்கள். என் மகளுக்கு நல்ல இடம் அமையவேண்டும், அவர் மகளுக்கும். என் முழங்கால் வலி தீரவேண்டும், அவருக்கும். "அவரைத் திருத்தும், அவர் கண்களைத் திறந்தருளும்" என்ற ஜெபத்தை இந்த 40 நாளும் தள்ளிவையுங்கள். அது ஜெபத்தின் உடுப்புப் போட்ட புகார்.

மூன்றாம் படி: கையால் ஒரு நன்மை

யாத்திராகமம் 23:4,5-இல் ஒரு கட்டளை இருக்கிறது. உன் சத்துருவின் மாடோ கழுதையோ வழிதப்பித் திரிவதைக் கண்டால் அதை அவனிடம் கொண்டுபோய் விடு. உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால், விலகிப் போகாமல் கூடநின்று உதவி செய். அந்த மனிதனைப் பிடிக்கவேண்டும் என்று இந்தக் கட்டளை கேட்கவில்லை, கழுதையைத் தூக்கிவிடச் சொல்கிறது. சத்துருவை நேசிப்பது மலைப்பிரசங்கத்துக்கு முன்பே, ஒரு மாட்டுக் கயிற்றின் நுனியில் தொடங்கிவிட்டது.

நம் ஊரில் இதற்குப் பஞ்சமில்லை. மழை வரும்போது அவர் வீட்டு மாடியில் காயும் வற்றலை எடுத்துவைக்கலாம். தண்ணீர் வராத நாளில் உங்கள் மோட்டாரிலிருந்து நாலு குடம் கொடுக்கலாம். அவர் பிள்ளைக்கு வேலை வாய்ப்புப் பற்றிய தகவல் கிடைத்தால் சொல்லி அனுப்பலாம். சிறியதாக இருக்கட்டும், யார் காதுக்கும் போகாமல் இருக்கட்டும்.

பலனை எதிர்பார்த்துச் செய்யாதீர்கள். 2 இராஜாக்கள் 6-ஆம் அதிகாரத்தில், தீர்க்கதரிசி எலிசாவைப் பிடிக்க வந்த சீரியப் படையை வெட்டலாமா என்று இஸ்ரவேலின் ராஜா கேட்டபோது எலிசா வேண்டாம் என்றார். விருந்து கொடுத்து அனுப்பச் சொன்னார். கொள்ளைக்கூட்டம் அதன்பின் இஸ்ரவேலுக்குள் வரவில்லை என்று 23-ஆம் வசனம் முடிகிறது. ஆனால் அதற்கு அடுத்த வசனத்திலேயே சீரிய ராஜா பெனாதாத் தன் சேனையோடு வந்து சமாரியாவை முற்றுகை போடுகிறான். பிரசங்கங்கள் பெரும்பாலும் 23-இல் நின்றுவிடும். எலிசா பரிமாறிய சோறு அந்த முற்றுகையால் வீணாகிவிடவில்லை என்பதுதான் என் விசுவாசம்.

நான்காம் படி: உங்கள் பங்கு என்ன?

மத்தேயு 5:23-இல் இருக்கும் வார்த்தைகளை மெதுவாக வாசியுங்கள்: "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்." நமக்கு அவர்மேல் இருக்கும் குறையை அல்ல, அவருக்கு நம்மேல் இருக்கும் குறையைச் சொல்கிறார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போகவேண்டியது நாம். மத்தேயு 18:15-இல் கதை மறுபுறம்: சகோதரன் நமக்கு விரோதமாகக் குற்றம் செய்திருக்கிறான். அங்கேயும் "அவனிடத்தில் போய்" என்றுதான் இருக்கிறது. தப்பு யார்மேல் இருந்தாலும் கிளம்பவேண்டிய கால் நம்முடையது. இந்த இரண்டு வசனத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்த அன்றைக்குத்தான் அப்பாவுக்குத் தூக்கம் போனது என்று அம்மா சொல்வார்.

அப்பாவின் பக்கம் நியாயம் இருந்தது. சர்வேக்காரர் அளந்ததும் அவருக்குச் சாதகமாகவே இருந்தது. ஆனால் தாத்தாவை அடக்கம்பண்ணின அன்று இரவு, ஊர்க்காரர்கள் திண்ணையில் இருக்கும்போது, அண்ணனைப் பார்த்துத் "திருட்டுப் பயல்" என்று சொன்னவர் அப்பாதான். நிலம் ஒன்றரை அடி. அந்த வார்த்தைக்கு அளவே இல்லை. நீங்கள் எழுதிய தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் இதை எழுதுங்கள். பத்தில் ஒரு பங்குதான் உங்களுடையது என்றால் அந்த ஒரு பங்கையாவது முழுதாக எழுதுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. குடித்துவிட்டு அடிக்கும் புருஷனிடம் அடிபட்டவர்களும், சிறுவயதில் ஒருவரால் சீரழிக்கப்பட்டவர்களும் இந்தப் படியில் தங்கள் குற்றத்தைத் தேடக்கூடாது. தேடச் சொல்லும் போதகர் வசனத்தைத் தவறாகக் கையாளுகிறார். அவர்களுக்கான பாதை எட்டாம் படியில் இருக்கிறது.

ஐந்தாம் படி: நடுவில் ஒருவர், போதுமான காலம்

நம் நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்தப் படியை விளக்கமுடியாது.

கேரளத்தின் புல்லுவழியில் 1954-இல் பிறந்தவர் சிஸ்டர் ராணி மரியா, பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபைக் கன்னியாஸ்திரி. மத்தியப் பிரதேசத்தின் உதய்நகர் வட்டாரத்தில், வட்டிக்காரர்களின் பிடியில் இருந்த ஏழை விவசாயக் கூலிகளுக்காக உழைத்தார். அது சிலருக்குப் பொறுக்கவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று, இந்தூருக்குப் போய்க்கொண்டிருந்த பேருந்தில், சமுந்தர் சிங் என்ற இளைஞர் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். உடலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். சமுந்தருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

சுவாமி சதானந்த் என்ற கத்தோலிக்கக் குரு சிறைக்குப் போய் அவரைச் சந்தித்துப் பேசினார். 2002-இல், ரக்ஷா பந்தன் சமயத்தில், ராணி மரியாவின் தங்கையும் அதே சபைக் கன்னியாஸ்திரியுமான செல்மி பால் சிறைக்குள் போனார். அக்காளைக் கொன்ற கையில் ராக்கி கட்டி அவரைச் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். குடும்பமும் சபையும் அவருடைய விடுதலைக்காக மனுக்கொடுத்தன. 2006-இல் அவர் வெளியே வந்தார். பின்பு புல்லுவழிக்கே சென்று பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டார். தாய் எலீஸ்வா அந்தக் கைகளை முத்தமிட்டார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா முத்திப்பேறு பெற்றவராக (புனிதர் பட்டத்துக்கு முந்திய நிலை) அறிவிக்கப்பட்டபோது சமுந்தர் சிங்கும் அங்கே இருந்தார்.

இதை அதிசயமாகப் பார்த்து அழுதுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். வேலை நடந்த விதத்தைப் பாருங்கள். கொலைக்கும் ராக்கிக்கும் நடுவே ஏழு வருஷம். தங்கை போகுமுன் ஒரு நடுவர் போய் வழியைத் திறந்திருந்தார். அவர்கள் கையில் எடுத்தது ஜெபமாலையை அல்ல, ராக்கியை. அந்த மனிதருக்கு விளக்கம் தேவைப்படாத அடையாளம் அது.

உங்கள் நடுவர் யார்? இரண்டு பக்கமும் சாப்பிடக்கூடியவர். சபைக் கமிட்டிக்காரராக இல்லாமல் இருப்பது நல்லது. வயதான அத்தை, ஓய்வுபெற்ற உபதேசியார், இருவருக்கும் பாடம் சொன்ன டீச்சர் என்று யோசியுங்கள். அவருடைய வேலை தீர்ப்புச் சொல்வதல்ல. "அவன் வந்தா உட்காரச் சொல்லுவியா?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவருவதுதான்.

ஆறாம் படி: போய்ப் பேசுங்கள்

"நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்று மத்தேயு 18:15 சொல்கிறது. அதனால் வாட்ஸ்அப்பில் வேண்டாம், குடும்பக் குரூப்பில் வேண்டவே வேண்டாம். கல்யாண மண்டபத்தில் பத்துப் பேர் நடுவில் கட்டிப்பிடிப்பதும் வேண்டாம். அது எதிராளியைச் சபை நடுவில் மாட்டிவைப்பதாகிவிடும். அவர் வீட்டுக்கு, அவர் ஓய்வாக இருக்கும் நேரத்தில், தனியாகப் போங்கள்.

வார்த்தையை முன்னாலேயே பழகிக்கொள்ளுங்கள். "ஏதாவது தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சிக்கோங்க" என்பது மன்னிப்புக் கேட்பதல்ல. அந்த "இருந்தா"வில் எல்லாம் கரைந்துபோகிறது. "நானும் தப்புப் பண்ணேன், நீங்களும் பண்ணீங்க" என்பதும் பேரம்தான். அப்பா சொன்னது எனக்கு மனப்பாடம், ஏனென்றால் ஒரு வாரமாக அதைக் கொல்லைப்புறத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்:

"அண்ணே, அப்பாவை அடக்கம்பண்ணின அன்னைக்கு ராத்திரி ஊர்க்காரங்க முன்னால உங்களைத் திருட்டுப் பயன்னு சொன்னேன். அது பொய்யி. உங்களை அவமானப்படுத்தணும்னு தெரிஞ்சேதான் சொன்னேன். தப்பு என்னுது. என்னை மன்னிக்கணும்."

நிலத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அதற்கு வேறு நாள் வரும். இதைச் சொன்னபின் வாயை மூடிக்கொண்டு இருங்கள். அவர் கத்தினால் கத்தட்டும். வருஷக்கணக்காகத் தேங்கியது அரைமணி நேரம் ஓடத்தான் செய்யும்.

நீங்கள் குற்றம் செய்யப்பட்டவராக இருந்து, அவர் குற்றத்தை அவருக்குச் சொல்லவேண்டியிருந்தால், அதையும் சொல்லலாம். பிரதான ஆசாரியனுக்கு முன்பாக அறைவாங்கிய இயேசு, "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார் (யோவான் 18:23). மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவரேதான் இந்தக் கேள்வியையும் கேட்டவர்.

ஏழாம் படி: ஈடு

வரி வசூலித்துவந்த சகேயு "மன்னிக்கணும் ஆண்டவரே" என்று சொன்னதாக லூக்கா எழுதவில்லை. அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று சொன்னான். பணம் எடுத்திருந்தால் பணம் திரும்பவேண்டும். பத்திரத்தில் ஏமாற்றியிருந்தால் பத்திரம் மாறவேண்டும். பத்துப் பேர் முன்னால் பழி சொல்லியிருந்தால் அந்தப் பத்துப் பேர் காதிலும் உண்மை விழவேண்டும்.

இதைத் தனிமனிதரோடு நிறுத்திக்கொள்ள என் மனசு ஒப்பவில்லை. தலித் கிறிஸ்தவர்களுக்குத் தனிக் கல்லறைத் தோட்டம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறது. அங்கே போய் ஒப்புரவைப் பற்றிப் பிரசங்கம் செய்து, ஒடுக்கப்பட்டவர்களைப் பார்த்து "மன்னித்து மறந்துவிடுங்கள்" என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. சுவர் எழுப்பியவர்கள்தான் கடப்பாரையோடு முதலில் வரவேண்டும்.

எட்டாம் படி: எவ்வளவு கிட்டே?

இதில்தான் நிறைய பேர் அடிபடுகிறார்கள். அண்ணன் ஏசாவும் அவனை ஏமாற்றிய தம்பி யாக்கோபும் கட்டிப்பிடித்து அழுத காட்சியைத் தெரியாதவர் இல்லை. அதற்குமுன் யாக்கோபு 550-க்குமேல் ஆடு, மாடு, ஒட்டகம், கழுதைகளை வெகுமதியாக முன்னே அனுப்பியிருந்தான். ஏழுவிசை தரைமட்டும் குனிந்தான். அழுது முடித்தபின் ஏசா, சேர்ந்து பயணம் போகலாம் என்று அழைத்தான். யாக்கோபு பிள்ளைகளையும் மந்தையையும் காரணம் சொல்லிப் பின்தங்கினான். ஏசா சேயீருக்குப் போனான், யாக்கோபு சுக்கோத்துக்குப் போனான். மறுபடி அவர்களைச் சேர்ந்து பார்ப்பது தகப்பன் ஈசாக்கை அடக்கம்பண்ணும் இடத்தில் (ஆதியாகமம் 35:29). ஒரே வீட்டில் வாழவில்லை. துக்கத்துக்கு இருவரும் வந்தார்கள். பல குடும்பங்களுக்கு இந்த அளவு ஒப்புரவே போதுமானது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தாவீதின் நிலைமை இன்னும் கடினம். தன்னைக் கொல்லத் தேடிவந்த ராஜா சவுலைக் குகையில் கொல்லாமல் விட்டபின் சவுல் சத்தமிட்டு அழுதான், "நீ என்னைப் பார்க்கிலும் நீதிமான்" என்றான். அப்படியும் சவுல் வீட்டுக்குப் போக, தாவீதும் அவன் ஆட்களும் அரணான இடத்துக்கு ஏறிப்போனார்கள் (1 சாமுவேல் 24:22). இரண்டு அதிகாரம் கழித்துச் சவுல் மறுபடி மூவாயிரம் பேரோடு தேடி வந்தான். கண்ணீரை நம்பி அரண்மனைக்குத் திரும்பியிருந்தால் தாவீது பிழைத்திருப்பாரா?

ஆகவே அடிக்கும் கை இன்னும் ஓங்கியிருக்கும் வீட்டுக்கு ஒப்புரவின் பேரில் யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற உதவி எண்கள் இருக்கின்றன. அழைப்பது விசுவாசக் குறைவல்ல. மன்னிப்பதும் வழக்கு நடப்பதும் ஒன்றையொன்று ரத்து செய்வதில்லை. 1999 ஜனவரியில் ஒடிஷாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய 10, 6 வயது மகன்களும் வண்டியோடு எரித்துக் கொல்லப்பட்டார்கள். அவருடைய மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் கொலைகாரர்களை மன்னிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். பாரிப்பதாவிலேயே தங்கி, தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்தார். நீதிமன்றம் தன் வேலையைச் செய்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது.

ஒன்பதாம் படி: கதவு திறக்காவிட்டால்

அப்பா போனது பிரிவின் எட்டாவது வருஷம், லெந்து நாட்களில். பெரியப்பா முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "சொல்லிட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

அப்படி நடந்தால் மறுவாரமே திரும்பப் போய்த் தொந்தரவு செய்யாதீர்கள். ஊரில் "நான் போனேன், அவர்தான் வரலை" என்று சொல்லாதீர்கள், அது பழைய சண்டையின் தொடர்ச்சி. மூன்றாம் படிக்குத் திரும்பி அங்கேயே இருங்கள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அம்மா முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து, மேலே துண்டு போட்டு மூடி, என்னிடம் கொடுத்துவிட்டார். பெரியம்மா வாசலில் வாங்கிக்கொண்டார். சாயங்காலம் தட்டு தொடப்படாமல் அப்படியே திரும்பி வந்தது. அடுத்த வருஷமும் கொண்டுபோனேன், தட்டு வெறுமையாக வந்தது. அதற்கடுத்த வருஷமும் வெறும் தட்டு. எங்கள் பக்கத்தில் பலகாரம் வந்த பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் அதைக் கழுவிக் கவிழ்த்துவைத்தார்.

நான்காவது கிறிஸ்துமஸ் அன்று தட்டைப் பெரியப்பாவே கொண்டுவந்தார். படியேறவில்லை, நடையிலேயே நின்று நீட்டினார். தட்டு நிறையச் சீனி இருந்தது.